மிளகுக் கடை வித்வான்

அனுப்பிய பிறகுதான் சங்கர்ராமுக்குத் தெரிந்தது, பாட்டில் ஒரு குரல் கூடுதல்.

"அண்ணா, நடுவுல என்னமோ பொரியறதே?" என்றாள் தங்கை ஸாதனா.

பொரிந்தது அவனுடைய கணினி. சங்கர்ராமுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதையெல்லாம் கணினி ஒரு குரலில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே கொச்சி மட்டாஞ்சேரி மாடி அறையில் இசையமைப்பான். நேரம் மிச்சம் என்று அந்தக் குரலின் வேகத்தை ஏகத்துக்கு ஏற்றி வைத்திருந்தான். பழகாத காதுக்கு அது எண்ணெயில் விழுந்த கடுகு. பாட்டைப் பதிவெடுக்கும்போது அந்தக் குரலைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். இன்று ஒதுக்க மறந்துவிட்டான்.

"யாருக்கும் ஒண்ணும் புரியாது. விடேன்."

"புரியாதுதான்," என்றான். ஆனாலும் அது சொன்னது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

ஃபோன் அடித்தது. மிளகு வியாபாரி அனில். அவருடைய புதுக் கடைத் திறப்புக்குத்தான் பாட்டு. பிடித்துவிட்டால் மற்ற ஆறு கடைகளின் விளம்பரப் பாட்டும் இவனுக்கு. இதுவரை அனுப்பிய ஆறு பாட்டையும் 'ஒரு பஞ்ச் இல்லை, மாஷே' என்று வாத்தியார் பட்டத்தோடேயே திருப்பியிருந்தார். அந்தக் கோபத்தையெல்லாம் சங்கர்ராம் ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் தீர்த்துக்கொண்டான்.

"மாஷே, அடிபொளி! அந்த ஜதி சொல்றது யாரு?"

"ஜதியா?"

"நடுவுல தடதடன்னு ஒரு ஆள் பொளந்து கட்டறானே!"

"அது... தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வித்வான், சேட்டா. தப்பா வந்துடுத்து. எடுத்துட்டு அனுப்பறேன்."

"அவரை எடுத்தா உன்னையும் எடுத்துடுவேன்."

சங்கர்ராம் எடுத்தான். தானே மைக் முன் உட்கார்ந்து தகதிமி சொல்லிப் பதிந்து அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் ஃபோன்.

"இது டூப்ளிகேட். யாரோ பாலக்காட்டு மாமா பேசறார். எனக்கு ஒரிஜினல் வேணும்."

பழைய குரலையே வைத்து, மேலே செண்டையைக் கொட்டி மூடி அனுப்பினான்.

"செண்டை எதுக்கு? வித்வானுக்கு மூச்சு முட்டறது. செண்டையைக் குறை, வித்வானைக் கூட்டு."

மிச்சம் இருந்தது ஒரே வழி. "சேட்டா, அவருக்கு உடம்பு சரியில்லை. இனிமே ஜதி சொல்றதில்லைன்னுட்டார். அவர் குரலைப் போடறது மரியாதை இல்லை."

அனில் தழுதழுத்தார். "அப்போ இதுதான் அவரோட கடைசி ரெக்கார்டிங்கா? நாலு தடவை போடு, மாஷே."

போட்டான்.

மறுநாள் காலை பஜார் ரோட்டில் நான்கு ஸ்பீக்கர்கள் முழங்கின. மூட்டை இறக்க வந்தவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். வித்வானின் படம் கிடைக்காததால் அனில் ஒரு மிருதங்கத்துக்கு மாலை போட்டிருந்தார். அருகில் ஊதுவத்தி.

"அண்ணா, எல்லாரும் கும்பிட்டுட்டுப் போறா," என்று காதில் சொன்னாள் ஸாதனா.

"நீயும் கும்பிடு. சந்தேகம் வரப்போறது."

அனில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். "ஆறு கடையும் உனக்குத்தான், மாஷே!"

சங்கர்ராம் நேற்றிலிருந்து விடாத மூச்சை விட்டான். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

அப்போது மிக அருகில் இன்னொரு கடுகு பொரிந்தது. யாருடைய ஃபோனோ, அதே வேகத்தில். அவன் ஸாதனாவின் கையைப் பிடித்தான்.

கடை வாசலில் லாட்டரி விற்கும் பாக்கியலக்ஷ்மி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு படியேறினாள்.

"அனில் சேட்டா, காலையிலேர்ந்து உங்க பாட்டுல அந்தக் கம்ப்யூட்டர் தொண்டை வறளக் கேட்டுக்கிட்டே இருக்கு, 'அனில் கழுதை ஏழு, மாற்றங்களைச் சேமிக்கவா, வேண்டாமா'ன்னு. யாராவது ஒரு பதில் சொல்லுங்களேன்!"