ருசி பார்க்கும் உறுப்பினர்

நீதி, நேர்மை, அறிவியல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்த இடம் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால், அது சின்னசேலத்துக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில் இருந்த சின்னதுரையின் பாகு பேக்டரிதான். நம்ப மறுப்பவர்கள் எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் அங்கே கூடிய ‘உயர்மட்ட உணவுப் பாதுகாப்பு ஆய்வுக் குழு’வைப் பார்த்திருக்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த கரியன் பார்த்தார். பார்த்ததோடு அவர் விட்டிருக்கலாம்.

பாகு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மரவள்ளி மாவைக் கரைத்து ஆசிட் ஊற்றிக் காய்ச்சினால் இனிப்பாகிவிடும். பிறகு சோடா போட்டு அந்த ஆசிடை முறிக்க வேண்டும். சோடா விலை ஏறிப்போனதால் சின்னதுரை அந்த ஒரு வேலையை மட்டும் கடவுளிடம் ஒப்படைத்திருந்தார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை கரும்பு நிற்கிற ஊரில் சர்க்கரை வாங்கக் கட்டுப்படியாகாமல் இந்தப் பாகில் பிசைந்து சுட்டதுதான் ‘தேன்குடம்’ பிஸ்கெட். தேனும் இருந்தது, குடமும் இருந்தது. இரண்டும் பாக்கெட்டின் மேல் படத்தில் இருந்தன.

இந்தப் பிஸ்கெட்டை மலைப் பிள்ளைகளின் ஹாஸ்டலுக்குச் சாயங்காலத் தீனியாகக் கொடுக்கலாம் என்று மேலிடத்துக்கு ஒரு கருணை பிறந்தது. முதலில் சாம்பிள் வந்தது. அந்த வாரம் கரியன் தன் மகள் மகேஸ்வரியைப் பார்க்கப் போனபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அத்தத் தின்னா நெஞ்செல்லாம் எரியுதுப்பா என்றாள். வாத்தியாரைக் கேட்டால், தின்ன பிள்ளைகள் பாதிப்பேர் வாந்தி என்றார். கரியன் அங்கே வந்திருந்த மற்ற அப்பா அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தார். மனு கொடுத்தால் குழு போடுவார்கள், அது நம் நாட்டு வழக்கம்.

குழு வந்து இறங்கிய மறுநாளே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. குழு பேக்டரியிலேயே மாட்டிக்கொண்டது. ஆனால் கடமை தவறவில்லை. சின்னதுரை வீட்டிலிருந்து வேளா வேளைக்குச் சைக்கிளில் சாப்பாடு வரும். மறியலில் நின்றவர்கள், பாவம், நல்லவர்கள். சாம்பார் கேரியரை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுத்து உதவினார்கள்.

வெளியே, எங்கள் ஜனத்தொகைக்கு ஏற்ற பங்கைக் கொடு என்று கோஷம். உள்ளே, குழுத் தலைவர் தணிகாசலத்துக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு பதறியது. பங்கு பங்கு என்று கேட்டால் ‘தகுதி’ என்ன ஆவது, திறமை செத்துப்போகாதா என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கவலைப்பட்டார். கவலைப்பட அவருக்கு உரிமை உண்டு. அவர் தகுதியால் வந்தவர். சின்னதுரையின் மகளைத் தன் மகனுக்குக் கட்டியிருந்தார். இன்னொரு உறுப்பினர் சின்னதுரையின் மச்சான். பேராசிரியை செந்தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரருக்குத்தான் கேட்டில் நின்ற லாரி சொந்தம். அந்த லாரியில் ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய சரக்கு ஏறியிருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டால் லாரி மலையேறும். போடாவிட்டால் பிள்ளைகள் தப்பிக்கும்.

அந்தக் கையெழுத்தைத் தடுக்கத்தான் கரியன் மலையிலிருந்து நடந்தே வந்து ஆபீஸ் ரூம் வாசலில் நின்றார். அன்று மறியல் முடிந்துவிட்டது. ரோட்டில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு சிக்கல். கையெழுத்துக்கு முன்னால் உறுப்பினர் ஒருவராவது சரக்கை ருசி பார்த்தாக வேண்டும் என்று விதி. தட்டு நிறையப் பிஸ்கெட் மேஜை மேல் இருந்தது. தலைவருக்குச் சர்க்கரை வியாதி. பேராசிரியைக்குப் புரட்டாசிச் சனி விரதம். மச்சானுக்கு அந்த நிமிஷம் பார்த்துச் சொத்தைப் பல் வலித்தது. சின்னதுரை மட்டும் ஆசையாகக் கை நீட்டி, தான் தின்றால் ஒருதலைப்பட்சம் என்று உலகம் பேசுமே என்று கையை இழுத்துக்கொண்டார். நேர்மை என்றால் அது.

தலைவரின் கண் வாசலில் நின்ற கரியன் மேல் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தழுதழுத்தது.

“காலம் மாறிக்கினு வருது. ஜனங்க ரோட்டுல நின்னு பங்கு கேக்கறாங்க. நாம கேக்காமலே குடுப்போம். இந்தக் குழுவுல மலைவாழ் மக்களுக்கு ஒரு எடம். ஏம்பா கரியா, உள்ள வந்து உக்காரு. நீ இனிமே மெம்பரு. ருசி பாக்கற மெம்பரு.”

கை தட்டினார்கள். நாற்காலி எல்லாம் தகுதிக்குப் போய்விட்டதால் ஒரு ஸ்டூல் வந்தது. கரியன் உட்காரவில்லை.

“நான் துன்னு எனக்கு ஒத்துக்கலன்னா லாரி போவாது இல்லீங்களா?”

“பின்ன எப்டிப் போவும்? உன் வவுறுதான்யா இப்ப கோர்ட்டு,” என்றார் சின்னதுரை.

அவ்வளவுதான். கரியன் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னதுரை புதிதாகப் பிரித்துக் கொடுத்த ஒரு முழுப் பாக்கெட்டையும் தின்றார். குழுவே வாயைப் பிளந்து பார்த்தது. தின்று முடித்த பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. ஆசிடுக்குப் பயமில்லை, தன் வயிற்றுக்குத்தான். களியும் சாமைச் சோறுமாகத் தின்று வளர்ந்த வயிறு, கல்லைப் போட்டாலும் செரிக்கும். அது பாட்டுக்கு இதையும் செரித்துத் தொலைத்துவிட்டால் மகேஸ்வரி கதி என்ன? கரியராமா, இந்த ஒரு தடவை என் வயித்தைக் கெடுத்து வுடுப்பா என்று தன் மலைச்சாமியை மனமுருகி வேண்டிக்கொண்டார்.

சாமி கைவிடவில்லை. நெஞ்சு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. எழுந்து ஓடித் தென்னை மரத்தடியில் குடலே வெளியே வருகிற மாதிரி கக்கினார். கக்கக் கக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. வாந்தி எடுத்ததற்காக இத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை அந்தப் பேக்டரி அதற்குமுன் கண்டதில்லை. பொழைச்சடி மகேசு என்று சொல்லிக்கொண்டே வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

குழு காபி குடித்துக்கொண்டே ஆழ்ந்து ஆலோசித்தது. முடிவைப் பேராசிரியை செந்தமிழ்ச்செல்வியே எழுந்து நின்று அறிவித்தார். பாகில் குறை ஏதும் தென்படவில்லை. குறை கண்டறியப்பட்ட இடம் உறுப்பினரின் வயிறு. நாகரிக உணவு பழகாத வயிறு அது. இந்தப் பழக்கம் பெரியவரான பின் வராது, இளம் வயதிலேயே ஊட்டப்பட வேண்டும். ஆகவே ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் என்று இருப்பதை இரண்டாக உயர்த்தலாம்.

கரியனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“இன்னா சார் இது அநியாயம்? நானும் மெம்பருதானே? லாரி போவக் கூடாது. நான் சொல்றேன்.”

தலைவர் கோபிக்கவில்லை. பெரியவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

“மெம்பருதாம்பா, யார் இல்லேன்னது? உனக்குக் குடுத்தது ருசி பாக்கற எடம். அபிப்பிராயம் சொல்றது தனிப் பிரிவு. அதுக்குத் தகுதி வேணும்.”

கையெழுத்து விழுந்தது. ரோட்டில் கடைசி மரமும் நகர்ந்தது. கக்கிக் களைத்த கரியனுக்கு மலையேறத் தெம்பில்லை. டிரைவர் பாவப்பட்டுக் கூப்பிட்டான். அதே லாரியில், பிஸ்கெட் பெட்டிகளின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து போனார். கச்சிராயபாளையம் தாண்டுகிற வரை அழுதார்.

குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். கார் ஏறும்போது மேஜை மேல் அந்தத் தட்டு நிறைந்தது நிறைந்தபடியே இருந்தது. ஒரு துண்டைக்கூட ஒருவரும் தொடவில்லை. மலைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒன்றில் கை வைக்காமல் இந்தக் கூட்டம் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.