அக்கா மெஸ்ஸுக்கு நான் செய்த லேண்டிங் பேஜ்

ஆன்லைனில் விளம்பரக் கோர்ஸ் முடித்தவனிடம் சொந்தக்காரர்கள் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் நிச்சயம் கூடாது. என் அக்கா ஒப்படைத்தாள்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் வாடகைக்கு இடம் பிடித்து, சுரங்கத்து ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் மெஸ் தொடங்க இருந்தாள். மாமாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "மொத நாளே ஈ ஓட்டுனா மறுபடி ஸ்கூலுக்குப் போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சாப்பிட ஆள் பிடித்துத் தரும் பொறுப்பு என்னுடையது. விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் பக்கத்துக்குப் பெயர் லேண்டிங் பேஜ் என்று நான் விளக்கியபோது, அக்கா என்னை விஞ்ஞானியைப் போலப் பார்த்தாள். (பாவம், நம்பிவிட்டாள்.)

உங்கள் ஊர்க்காரர்கள் எதைக் கண்டால் நின்று பார்ப்பார்களோ, அதைப் போலவே பக்கத்தை அமையுங்கள் என்று கோர்ஸில் சொல்லியிருந்தார்கள். நெய்வேலியில் வேலைவாய்ப்பு அறிவிப்பைத் தவிர வேறு எதற்கு நிற்பார்கள்? கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திறக்காதவர்கள், அதை மட்டும் எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் தள்ளிவிடுவார்கள். ஆகவே உச்சியில் சுரங்கத்து ராட்சத இயந்திரம், பக்கத்தில் கூகுளில் கிடைத்த, ஹெல்மெட் போட்ட ஒருவர் (எந்த நாட்டுக்காரரோ!). நடுவில் "இடங்கள் குறைவு" என்று எழுதி, ஓடும் கடிகாரம் ஒன்றும் வைத்தேன். அதற்குக் கீழே படிவம்: பெயர், ஊர், பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பமா. வாடிக்கையாளரை ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் அடியில். விரல் தேயத் தள்ளினால்தான் கண்ணில் படும்.

படிவங்கள் வந்து குவிந்தன. மாமாவிடம் போனை நீட்டி நீட்டிக் காட்டினேன். ஞாயிறுதான் மெஸ் திறப்பு. பதிவு செய்த அத்தனை பேருக்கும், "ஞாயிறு காலை நேரில் வரவும்" என்று முகவரியோடு மெசேஜ் தட்டினேன். அக்கா கல்யாண வீட்டு அண்டாவை வாடகைக்கு எடுத்து அவ்வளவு பேருக்கும் சமைத்தாள்.

ஞாயிறு காலை கூட்டம் தெருமுனை வரை நின்றது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர். உள்ளே ஐடிஐ சர்டிபிகேட், சாதிச் சான்றிதழ், பட்டா நகல்.

கம்மாபுரத்துக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "வேல தர்றோம்னு சுரங்கத்துக்கு நெலத்த எடுத்துகினு ரொம்ப நாளாச்சு சார். பையன் வூட்ல சும்மா குந்திகினு இருக்கான். யாராண்ட குடுக்கணும் இத?"

"இது சாப்பாட்டுக் கடைங்க."

"சாப்பாடு அப்பறம் ஆவட்டுங்க. மொதல்ல பேப்பரப் பாருங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது. "வேண்டியவங்களுக்கு வேலையக் குடுத்துட்டு நமக்குச் சோத்தப் போட்டு அனுப்பப் பாக்குறானுங்கப்பா!"

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "வேல எதுவும் இல்லைங்க. என் தம்பி கூறுகெட்டத்தனமாப் போட்டுட்டான். வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். சான்றிதழ்களை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்களுக்கு ரசம் ஊற்றும்போது, எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மாமா தொண்டையைச் செருமினார். "ஸ்கூல்ல பேசட்டுமா?"

"ஈ ஓட்டுனாத்தானே போவணும்னீங்க? இன்னைக்கு ஒரு ஈயாவது உள்ள நுழைய எடம் இருந்துச்சா?" என்றாள் அக்கா. மாமா வாடகை அண்டாவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். மெஸ் இன்றும் நடக்கிறது. பக்கத்தை அன்றே அழிக்க வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போதும் சோறு வெந்ததும், "இன்டர்வியூ ஆரம்பிச்சாச்சு, சர்டிபிகேட்டோட வாங்க" என்றுதான் அம்மா கூப்பிடுவாள். எல்லோரும் சிரிப்போம்.

கம்மாபுரத்துக்காரர் மட்டும் அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறார். "சார், அந்த வேல லிஸ்ட்டு வந்துடுச்சுங்களா?"

"அது சாப்பாட்டுக் கடைங்க" என்பேன்.

"புரியுதுங்க, பக்கத்துல ஆளு இருக்காங்க போல. அப்பறமாப் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்.