பயணிகள்: இரண்டு பேர்

அம்மா காபித் தம்ளரை வைத்தது சரியாகக் கலங்கரை விளக்கத்தின் மேல்.

"அம்மா, தம்ளரை எடு. கடல் நனையுது" என்றார் ஸ்கேல்.

நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவர் அவர். இருபத்தைந்து வருடமாகக் கோடு போட்டுப் போட்டு, சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், 'ஸ்கேல்' என்றால் மட்டும் திரும்பிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டார். காகிதத்தில் அவர் போடும் கோடு மயிரிழை விலகாது. வீட்டில்தான் அவரால் ஒரு கோடும் போட முடியாது. யார் எதைக் கேட்டாலும் தலை முதலில் ஆடிவிடும். யோசனை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்.

"சாப்பாட்டு மேசையில எதுக்குடா கடல்?" அம்மா தம்ளரைத் தூக்கினாள். கூடவே காகிதத்தையும் தூக்கினாள்.

நீல மையில் கடல். அதை ஒட்டி, மலை ஏறி இறங்கும் சாலை சிவப்பில். ஒவ்வொரு வளைவும் அளந்து போட்டது. பெட்ரோல் நிலையம், பாறை முனை, நல்ல கழிப்பறை இருக்கும் இடம் எல்லாம் குறித்திருந்தது. மூலையில் கட்டம் கட்டி, 'பயணிகள்: இரண்டு பேர்' என்று அச்சடித்த மாதிரி எழுத்து.

"ஆபீஸ் வேலைம்மா."

"ஆபீஸ் வேலையில 'இங்கே அவளுக்கு ஐஸ்கிரீம்'னு எழுதியிருக்கு?"

ஸ்கேல் ஏதாவது பூசி மெழுகலாம் என்று வாயைத் திறப்பதற்குள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து மனைவி வந்தாள்.

"அது ஒண்ணுமில்ல அத்தை. என்னைக் கடலோரமா மூணு நாள் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்."

யாரிடமும் மூச்சு விடாதே என்று ஸ்கேல் அவளிடம் சொல்லி முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை.

கல்யாணமான முதல் வாரத்தில் கொடுத்த வாக்கு அது. கடலை ஒட்டியே ஒரு சாலை போகிறது, உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அதில் ஓட்டிக்கொண்டு போவேன் என்றிருந்தார். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. மகள்கூட வளர்ந்து கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கடல் மட்டும் இன்னும் வரவில்லை.

கடலை விடுங்கள், அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போலப் பத்து வாக்கியம் பேசியே எத்தனையோ நாளாகிறது. அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள். குளியலறை ஒன்று. துணி காயப்போடும் பால்கனிக்குப் போகிற வழி ஸ்கேலின் படுக்கையறைக்குள்தான். கதவைத் தட்டுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

பயணத்தைப் பற்றி அவளிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

"அடுத்த மாசம், மூணு நாள், நாம ரெண்டு பேர் மட்டும்" என்று ஆரம்பித்தார். தம்பி மனைவி ஈரத் துணி வாளியோடு குறுக்கே போனாள். காத்திருந்தார். "கடலோரமா" என்றார். வாளி திரும்பி வந்தது. "கார்ல" என்றார். இரட்டையர் இருவரும் பந்தைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள்.

"அப்ப இவங்கள்லாம்?" என்று கேட்டாள் அவள்.

"இவங்க இங்கயேதான் இருப்பாங்க."

அவள் கொஞ்ச நேரம் பால்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் 'சரிங்க'வில் ஒரு வெளிச்சம் இருந்ததை ஸ்கேல் கவனித்தார். மறுநாள் காலையே தெருமுனையில் வாடகைக்குக் கார் விடும் வண்டிக்காரரிடம் போய் நின்றுவிட்டார்.

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டே பேர். பின் சீட்டே இல்லாத கார் இருந்தா ரொம்ப நல்லது."

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டைத்தான் இப்போது அம்மா கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய்ட்டு வாங்கப்பா. நாங்க என்ன, ஆளுக்கொரு மூலையில கிடப்போம். உங்கப்பா மாத்திரையை நான் எடுத்துக் குடுத்துக்கறேன். கண்ணுதான் சரியாத் தெரியல" என்றாள் அம்மா, ஐஸ்கிரீம் வரைக்கும் படித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏன் அத்தை, நீங்களும் மாமாவும் வாங்களேன்" என்றாள் மனைவி.

ஸ்கேல் அவளைப் பார்த்தார். அம்மா ஸ்கேலைப் பார்த்தாள். தலை ஆடிவிட்டது.

"எதுக்கு அப்படிச் சொன்னே?" என்று பிறகு படுக்கையறையில் கேட்டார்.

"பாவம்ங்க, பெரியவங்க."

"காரு சின்னதாச்சே."

"வண்டிக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஆபீசுக்கும் வீட்டுக்கும் எத்தனை அலைவீங்க."

நாலு பேர் போகிற கார் என்றானதும் தம்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அண்ணா, அப்பாவை வெச்சுக்கிட்டு அந்த மலை வளைவுல நீ ஓட்டப் போறியா? நீ போற வேகத்துக்கு அவருக்கு அடுத்த பிறந்தநாளே வந்துடும்."

"நான் நிதானமா ஓட்டுவேன்டா."

"நீ ஓட்டினா பின்னாடி வர்றவன் எல்லாம் இறங்கி நடந்தே போயிடுவான்."

"தம்பி சொல்றதும் நியாயம்தாங்க" என்றாள் மனைவி, துணியை மடித்தபடி. "அவர் ஓட்டினா மாமாவுக்கும் தைரியமா இருக்கும்."

தம்பி வந்தால் தம்பி மனைவி வராமல் இருப்பாளா? அவள் வந்தால் இரட்டையர் எங்கே போவார்கள்? ஸ்கேல் மூலையிலிருந்த கட்டத்தை பிளேடால் சுரண்டி, இரண்டை அழித்து எட்டு என்று எழுதினார்.

எட்டு என்பது எவ்வளவு சிறிய எண் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"உன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கு. கூடப் பிறந்தவன் வாயில வார்த்தை வரல. என்னைக் கட்டிக் குடுத்ததோட கணக்குத் தீர்ந்துடுச்சு, இல்ல?"

"அக்கா, நீ தினமும் காலையில வந்து சாயங்காலம்தானே போறே. கட்டிக் குடுத்த மாதிரியே தெரியலியே."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அத்தான், மூன்று பிள்ளைகள் உட்பட ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

"அக்காகிட்ட ஏன் சொன்னே?"

"வேற யார் மூலமாவது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்களேன்னுதான்." அவள் முகத்தில் அத்தனை பரிவு. ஸ்கேலுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனசுக்காரிக்கு மூன்று நாள் நிம்மதியாகக் காற்று வாங்கக் கொடுத்து வைக்கவில்லையே.

அடுத்தது கீழ் வீட்டு நர்ஸம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உப்பு வாங்க, பேப்பர் வாங்க, இரத்த அழுத்தம் பார்த்துவிட என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை மாடி ஏறுகிறவர். ஊருக்குப் போகிற மூன்று நாளும் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்து வர மனைவிதான் இறங்கிப் போனாள். போனவள் சாவியோடு திரும்பி வந்தாள்.

"என்னாச்சு? வாங்கிக்கலியா?"

"அவங்களும் வர்றாங்க. அவங்க வீட்டுக்காரரும் அவங்க தங்கச்சியும்கூட."

"வீட்டைப் பார்த்துக்கச் சொல்லத்தானே போனே?"

"படத்துல இருக்கற பாறை முனையைப் பத்திச் சொன்னேங்க. அழுதுட்டாங்க."

ஸ்கேல் பிளேடை எடுத்தார். பதினாறு.

தன் பங்குக்கும் ஒன்று செய்துவிட்டார். மூன்று நாள் விடுப்பு கேட்க வேண்டியிருந்தது. "வெறுங்கையோட போய்க் கேக்காதீங்க, படத்தையும் எடுத்துட்டுப் போங்க, எவ்வளவு அக்கறையா ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு சாருக்குத் தெரியட்டும்" என்று சொல்லி அனுப்பினாள் மனைவி. தலைமை வரைவாளர் விடுப்பு நாட்களிலும் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்கிறவர். படத்தை விளக்கடியில் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவர் அரைமணி நேரம் நிமிரவில்லை.

"ஸ்கேல், இந்த மூணாவது வளைவு தப்பு."

"இல்ல சார், சரியாத்தான் இருக்கும்."

"தப்புங்கறேன். நேர்ல பார்த்தா ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்."

"அப்ப நானும் எங்க வீட்டம்மாவும் வர்றோம். பார்த்துடுவோம்."

தம்பியோடு தினமும் ஹாலில் கேரம் ஆடுகிற இரண்டு பேர் சேர்ந்ததற்கு எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. மனைவி அவர்களுக்கு டீ கொடுத்தாள். டீ குடித்து முடித்தபோது அவர்களும் வருகிறார்கள் என்றிருந்தது. ஆக மொத்தம் இருபது. கட்டம் இருந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டதால், ஸ்கேல் எண்ணைக் கடலுக்குள் எழுதினார்.

"இருபது சீட்டு. ஒண்ணுகூடக் குறையக் கூடாது. வண்டிக்காரர்கிட்ட அழுத்திச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

"சொல்லியாச்சுங்க. அதெல்லாம் கச்சிதமா வந்துடும்."

"உனக்குக் கோபமே இல்லையா? நாம ரெண்டு பேர்னு ஆரம்பிச்சது..."

"இருக்கட்டுங்க. எல்லாரும் சந்தோஷமாப் போய்ட்டு வரட்டும்."

அதற்குள் தம்பி மனைவி வாளியோடு வந்துவிட்டாள்.

கிளம்புகிற நாள் விடிந்தது. தெருவில் ஒரு குட்டிப் பேருந்து. பெட்டிகள், தலையணைகள், கேரம் பலகை, நர்ஸம்மாவின் இரத்த அழுத்தக் கருவி எல்லாம் ஏறின. தலைமை வரைவாளர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். ஜன்னலுக்குச் சண்டை போட்ட இரட்டையரைப் பிரித்து, அப்பாவை ஓர் ஓரத்தில் பத்திரமாக வைத்து, அக்காவுக்குக் கடல் தெரிகிற பக்கம் பார்த்துக் கொடுத்து, ஸ்கேல் நிமிர்ந்தார். இருக்கை வரைபடம் அவர் கையில் இருந்தது. அதில் இருபது கட்டங்கள். பேருந்தில் இருந்தது பதினெட்டு. பதினெட்டிலும் ஆள்.

மறுபடி எண்ணினார். முன்னாலிருந்து எண்ணினார், பின்னாலிருந்து எண்ணினார்.

"அண்ணா, எண்ணினா முளைக்குமா? ஒரு ஸ்டூலைப் போட்டு நடுவுல உட்காரு" என்றான் தம்பி.

"ஸ்டூல் எல்லாம் ஆகாது" என்றார் டிரைவர். "மலைப்பாதை. சீட்டு இருந்தா ஏறுங்க, இல்லேன்னா இறங்குங்க."

அம்மா எழுந்தாள். "நாங்க இறங்கிக்கறோம்டா. எங்களுக்கு எதுக்குக் கடல், இந்த வயசுல."

"நீங்க உட்காருங்க அத்தை." மனைவி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள், கொஞ்சம் பலமாகவே. "நாங்க இன்னொரு நாள் போய்க்கறோம். ஏங்க, இறங்குங்க."

"நீயாவது போ" என்றார் ஸ்கேல். "யாரையாவது கெஞ்சிக் கேக்கறேன். உனக்காகத்தானே இதெல்லாம்."

"நீங்க இல்லாம எனக்கென்ன கடல்? இறங்குங்க."

இறங்கினார்கள். கடல் வரைபடத்தை ஜன்னல் வழியாகத் தம்பியிடம் கொடுத்தார் ஸ்கேல். ஐஸ்கிரீம் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பதினெட்டுக் கைகள் ஆடின. பேருந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மனைவி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இரண்டு இரண்டு படியாக.

பேருந்தை வழியனுப்ப வந்து சுவரோரம் நின்றிருந்த வண்டிக்காரர் பக்கம் திரும்பினார் ஸ்கேல். அவர் வாழ்க்கையில் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. அன்று கோபித்துக்கொண்டார்.

"எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன், இருபது பேர்னு? எண்ணத் தெரியாதா உங்களுக்கு? இருபத்திரண்டு வருஷமா அவ காத்துக்கிட்டிருந்தா. அந்த மனுஷி முகத்துல நான் எப்படிய்யா முழிப்பேன்?"

வண்டிக்காரர் மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னை எதுக்கு சார் திட்டறீங்க? நீங்க ரெண்டு பேருக்குக் கார் சொல்லிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே உங்க வீட்டம்மா வந்து, 'அது வேண்டாம், பதினெட்டுப் பேருக்கு ஒரு பஸ் குடுங்க, நாங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்கப் போறோம்'னு சொல்லிட்டாங்களே."