குடும்பத்தோடு ஆஜராகவும்

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். "செல்லம் கொடுத்துப் பெண்ணைக் கெடுத்துவிட்டாய், இனி உனக்குக் கோர்ட் வாசல்தான்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நான் கிழித்துப் போடவில்லை, பதில் சொல்லும் நாள் வரட்டும் என்று பீரோவில் பத்திரப்படுத்தினேன். வந்துவிட்டது, அத்தான். உங்கள் மருமகள் ஜெயித்துவிட்டாள்!

அக்கா பாதிதான் சொல்லியிருப்பாள், முழுக்கதையையும் கேளுங்கள். என் பதினாறு வயது மகள் செருப்புக் கடையில் ஒரு ஜோடி ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள், வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். அதுவும் ஆண்கள் ஷூ, கறுப்பு, ஒன்பதாம் நம்பர். எந்தப் பையனுக்கு என்று நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். அவள் வாயே திறக்கவில்லை. நல்ல வேளையாக, முதல் தடவை தவறு செய்த பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ஒரு திட்டத்தில் சேர்க்கிறார்கள். எட்டு வாரம் குடும்பமாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும், கடைக்காரருக்கு உழைத்து ஈடுகட்ட வேண்டும். ஒழுங்காக முடித்தால் வழக்கே கிடையாது. முடிக்காவிட்டால் கோர்ட், அவள் ஆசைப்படும் நர்ஸ் படிப்புக்கும் அதோடு முழுக்கு. "குடும்பத்தோடு ஆஜராகவும்" என்று தாளில் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எடுத்தது அவள், நான் எதற்கு?

பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாங்கள் மூவர், கடைக்காரர், திட்டத்தை நடத்தும் அலுவலர் அம்மா. அந்த அம்மா ஒரு ரப்பர் பந்தைக் காட்டி, "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும், மத்தவங்க கேக்கணும்" என்றார். அதை முதலில் என்னிடம் கொடுத்தது அவருடைய அனுபவக் குறைவு. இருபத்திரண்டு வருடம் பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தும் உடைந்த பிஸ்கட்டைக்கூட வாயில் போடாதவன் நான் என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினேன். கடைக்காரர் தூங்கிவிட்டார். மறுவாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அந்த அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பந்தை வாங்கி என் மனைவியிடம் கொடுத்தார். "கல்யாணம் ஆகி இப்பதான் என் முறை வருது" என்று ஆரம்பித்தாள். அதையெல்லாம் எழுத இந்தத் தாள் போதாது. கடைசியில் பந்து மகளிடம் போனது.

"அப்பாவுக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சு. தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி லைப்ரரியில போய் உக்காந்திருக்காரு, நான் பார்த்தேன். இன்டர்வியூவுக்குப் போட்டுக்க நல்ல ஷூ இல்ல. அதான் எடுத்தேன். தப்புதான், அங்கிள்."

உங்களிடம் மறைப்பானேன், அத்தான். கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பந்து என் கையில் இருந்திருந்தாலும் பேச்சு வந்திருக்காது. அழுதுவிட்டேன். கடைக்காரர் முழுசாக விழித்துக்கொண்டு தன் கைக்குட்டையை நீட்டினார்.

அப்புறம் பாருங்கள், எல்லாம் ஏறுமுகம்தான். சனிக்கிழமைதோறும் மகள் அந்தக் கடையின் குடோனில் பெட்டிகளை அடுக்கினாள். இரண்டும் இடது காலாக இருந்த பதினோரு பெட்டிகளைக் கண்டுபிடித்து, தொலைந்த வலது கால்களையும் தேடி எடுத்தாள். துணைக்குப் பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் கல்லா ஓரம் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து தப்பிக்கவே பலர் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாம் வாரம் கடைக்காரர் வந்து, "சார், சும்மா பேசறதுக்குப் பதிலா சம்பளத்துக்குப் பேசுங்களேன்" என்றார். வேலை கிடைத்தது, அத்தான்! நேற்று எட்டாவது வாரமும் முடிந்து, நிறைவுச் சான்றிதழில் அலுவலர் அம்மா கையெழுத்துப் போட்டார். இனி நம் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் படியேற வேண்டியதில்லை. உங்கள் பழைய கடிதத்தை இத்துடன் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

தலை நிமிர்ந்து நிற்கும்,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அலுவலர் அம்மா போன் செய்தார். மேஜையில் இருந்த சான்றிதழைக் காணோமாம். சந்தோஷத்தில் நான்தான் எடுத்துவந்து, லேமினேட் பண்ணி, கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அது காவல் நிலையத்துக்குப் போய் முத்திரை விழுந்தால்தான் வழக்கு முடியுமாம். பிளாஸ்டிக் மேல் முத்திரை மை நிற்காதாம். புதிதாக எழுதித்தர எல்லோரும் திங்கட்கிழமை இன்னொரு தடவை வந்து உட்கார வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதைத் திங்கட்கிழமை வரை நம்ப வேண்டாம், உங்கள் கடிதத்தையும் உறையிலிருந்து எடுத்துவிட்டேன். மகளே போய் அதற்கான படிவம் வாங்கிவந்தாள். "தவறு செய்தவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். "பொறுப்பாளர்" என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். "பயப்படாதீங்கப்பா, நான் கூட வரேன்" என்றாள்.