வெட்கப்படுவதற்கு ஒரு நரி

ஒரு காட்டில் ஒரு சைவ நரி இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. பேர் ராஜாபாதர். சுரைக்காய்க் கூட்டு இருந்தால் இரண்டு சட்டிச் சோறு சாப்பிடுவார். பிறந்ததிலிருந்து ஒரு கோழியை முறைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பிழைப்பு என்னவென்றால், நாடகத்தில் கோழி திருடித் தின்னும் போலிச் சாமியார் வேஷம். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

நாடகத்தின் பேர் 'கொக்கரக்கோ சாமியார்'. காட்டில் அதைப் பார்க்காத ஜீவன் கிடையாது. சாமியார் ஒரு வீட்டுக்கு வருவார். "எறும்புக்கும் நோகாமல் நடங்கள்" என்று உபதேசம் செய்வார். வீட்டார் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்ததும் கொல்லைப்பக்கம் போய்க் கோழியை அமுக்குவார். கடைசிக் காட்சியில், வீட்டம்மாவாக நடிக்கும் அமிர்தவல்லி என்கிற வெள்ளாடு, அவர் அங்கியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பாள். உள்ளேயிருந்து இறகு கொட்டும். மிருதங்கம் வாசிக்கும் முனிரத்தினம் என்கிற செம்மறிக்கிடா 'டம்' என்று ஓர் அடி போடுவார். அந்த அடி விழுந்ததும் ராஜாபாதர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாட்டிக்கிட்டேன் தாயே, புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சிடுங்க" என்று தோப்புக்கரணம் போட வேண்டும். ஜனங்கள் ஆசை தீரத் திட்டிவிட்டு, மனசு லேசாகி, வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

காட்டின் தலைவர் ஒரு கழுதைப்புலி. கழுதைகளிடம் ஓட்டுக் கேட்கப் போனால், "நானும் உங்க ஆளுதானே" என்பார். புலிகளிடம் போனால் பேரின் மறுபாதியைச் சொல்லிக் கேட்பார். பதவிக்கு வந்த கையோடு, இனி யாரும் மாமிசம் தொடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். 'கீரை வள்ளல்' என்று பட்டம் வேறு. எந்த மேடையிலும் கையில் ஒரு கீரைக்கட்டு இருக்கும். அதில் ஓர் இலை குறைந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் போட்ட இன்னொரு திட்டம், நலிந்த கலைஞர் ஓய்வில்லம். நலிந்த கலைஞர் என்று பேர். ஆனால் கொழுகொழுவென்று இருப்பவர்களாகப் பார்த்துத்தான் ஓலை வரும். நாட்டியமாடிய மயிலுக்கு வந்தது. ஆர்மோனியம் வாசித்த முயலுக்கு வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. "அங்கே அவ்வளவு சௌகரியம் போல" என்று ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இப்போது அமிர்தவல்லிக்கு ஓலை வந்துவிட்டது. நாளைக் காலை வர வேண்டுமாம்.

"நான் போனா திரும்ப மாட்டேன்ணே," என்றாள் அமிர்தவல்லி. "தலைவர் எந்நேரமும் சால்வைக்குள்ள எதையோ வச்சு மென்னுக்கிட்டே இருக்காரு. போன திறப்பு விழாவுல மைக்குலயே கறுக்கு மொறுக்குன்னு கேட்டுச்சு."

"முறுக்குன்னு சொன்னாங்களேம்மா."

"முறுக்குல முடி இருக்குமாண்ணே?"

ராஜாபாதர் யோசித்தார். இத்தனை வருஷமாகத் தன்னோடு மேடையேறியவள். அவளைப் பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வேஷம் கட்டுவது?

நல்ல வேளையாக, அன்று மாலை நாடகக் குழுவின் ஆண்டு விழா. தலைவர்தான் சிறப்பு விருந்தினர். அவருக்குப் பொன்னாடை போர்த்தும் வேலை அமிர்தவல்லிக்கு. தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் போர்த்திய பொன்னாடையையும் கழற்ற மாட்டார். ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே கிடக்கும். "தொண்டர் அன்பைக் களைய என் கை கூசுகிறது" என்பார். அன்பு தோளில் மூட்டையாகப் புடைத்துக்கொண்டிருக்கும்.

"போர்த்துற மாதிரி போய் இழுத்துடறேன். எனக்கு இழுக்கறதுக்கு யாரும் சொல்லித் தரணுமா? உள்ள இருக்கிறது வெளியே கொட்டட்டும், ஜனங்க பார்த்துக்குவாங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். வாயை மூடிக்கிட்டு ஓரமா நின்னா போதும்."

"இவ்வளவுதானே? நின்னுடறேன்," என்றார் ராஜாபாதர்.

நாடகம் முடிந்தது. தலைவர் மேடையேறினார். "இந்தச் சாமியாரைப் போன்ற கயவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டுகிறது" என்று பேசினார். ஒருவேளை நிஜமாகவே குமட்டியிருக்கும். மத்தியானம் நிறையச் சாப்பிட்டிருந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். அமிர்தவல்லி பொன்னாடையை விரித்தபடி அருகே போனாள். போனவள், பழைய பொன்னாடைகளை மொத்தமாகக் கவ்வி, ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

கொட்டியது. எலும்பு, கொம்பு, ஒரு முயல் காது, கடைசியாகச் சலங்கை கட்டிய ஒரு மயில் கால். சலங்கை கலகலவென்று உருண்டு மேடை விளிம்பில் போய் நின்றது.

கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தலைவர் அசையவில்லை. யார் வீட்டுச் சாமானோ வழியில் கிடக்கிறது என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கீரைக்கட்டைக் கைமாற்றிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அமைதி நீடித்திருந்தால், யாராவது ஒருவராவது எழுந்து, "இது என்ன?" என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் முனிரத்தினம் பழக்க தோஷத்தில் 'டம்' என்று ஓர் அடி போட்டுவிட்டார்.

வேண்டாம், வேண்டாம் என்று ராஜாபாதரின் மனசு கத்தியது. முழங்கால் கேட்டால்தானே? இருபது வருஷமாக அந்த அடிக்கு மடங்கிய கால். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "மாட்டிக்கிட்டேன் தாயே, புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சிடுங்க" என்று கதறிக்கொண்டே தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

"பார்த்தியா, அவனே ஒத்துக்கிட்டான்," என்றது முன்வரிசை எருமை.

"தலைவர் சால்வையில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கான் பாரேன், படுபாவி," என்றது காகம்.

"குற்றம் செஞ்சவன்தான் அழுவான். தலைவர் மூஞ்சியைப் பாரு, ஏதாவது தெரியுதா? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்," என்றது ஒரு கழுதை. மடியிலிருந்த கனம் தலைவர் காலடியிலேயே கிடந்தது.

கல் பறந்தது. தலைவர்தான் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கி, ராஜாபாதரையும் அமிர்தவல்லியையும் வேஷம் கட்டும் அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, நிதானமாக ஒரு எலும்பைக் கடித்தார்.

"உன் சாமியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா தம்பி? அவன் பயந்து பயந்து தின்னுறான். மாட்டினா அழுறான். அவன் அழுதாத்தான் நாடகம் முடியும், ஜனங்க வீட்டுக்குப் போகும். எனக்கு நாடகம் முடியக் கூடாது. அதனால எனக்கு அழ வராது."

"தலைவரே, நீங்க..."

"இரு. எனக்கு ஒரு குறைதான். ஏதாவது கொட்டிட்டா யாராவது ஒருத்தர் வெட்கப்படணும்னு ஜனங்க எதிர்பார்க்குது. அது எனக்கு வராது. உனக்கு என்ன அழகா வருது. என்கூடவே வந்துடு. நான் மாட்டும்போதெல்லாம் நீ வெட்கப்படு."

ராஜாபாதர் அமிர்தவல்லியைப் பார்த்தார். "இவளை விட்டுடுங்க தலைவரே. வர்றேன்," என்றார்.

"விடறதா? இந்த அம்மாவை விடுவேனா? எங்க பிடிச்சு இழுத்தா அவிழும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் எங்க ஊக்கு குத்தினா அவிழாதுன்னு தெரியும். சால்வை வேலை இவங்களுக்கு," என்றார் தலைவர். அந்த ஓலையை வாங்கி அவரே கிழித்துப் போட்டார்.

அமிர்தவல்லி பிழைத்தாள். அதற்குப் பிறகு தலைவரின் பொன்னாடையிலிருந்து அநேகமாக எதுவும் விழவில்லை. தப்பித் தவறி விழுந்தால், ராஜாபாதர் முன்னால் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஜனங்கள் அவரைத் திட்டிவிட்டுத் தலைவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஒருநாள் ஒரு பாலம் திறப்பு விழா. முனிரத்தினம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். கையில் ஓய்வில்லத்து ஓலை.

"நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க," என்றார், மேடையேறத் தயாராக நின்ற தலைவரின் காதில் விழாத குரலில். "நீங்க ரெண்டு பேரும் அவர் பக்கத்துலேயே இருக்கீங்க. அன்னிக்கு நான் புத்தியில்லாம அடிச்சுட்டேன். இன்னொரு தடவை இழு தாயி. இந்தத் தடவை நான் மிருதங்கமே கொண்டு வரலை."

அமிர்தவல்லி தலைவரின் தோள் பக்கம் திரும்பி, இன்னும் ஒரு ஊக்கைக் குத்தினாள். ராஜாபாதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழித்த ஓலையை மறுபடி எழுத எவ்வளவு நேரமாகும்?

முனிரத்தினம் ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

தலைவர் மேடையேறினார். பொன்னாடையிலிருந்து ஒன்றும் விழவில்லை. ஆனாலும் ராஜாபாதர் முன்னால் வந்து, யாரும் கேட்காமலே, தேம்பித் தேம்பி அழுதார். மன்னிப்பு என்ற வார்த்தைகூட வாயில் வரவில்லை. அன்றைக்கு அவர் வெட்கப்பட்டது நிஜம். ஜனங்களுக்கு அது தெரியவில்லை. நடிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று எருமை முணுமுணுத்தது.

நீதி: கையும் களவுமாகப் பிடிபட்டால் பதறாதீர்கள். பதறுவதற்கு யோக்கியனாகப் பார்த்து ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.