துப்பாக்கிக்கு இன்றே கடைசி

மதுரை வட்டாரத்தில் அத்தனை போலீசும் தேடிக் கிடைக்காத கள்ளத் துப்பாக்கிகளை, ஒரே ஓர் ஆளின் தொண்டை வெளியே வரவழைத்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் அந்தத் தொண்டைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. சினிமாக் கொட்டகைகளுக்காக ஜட்கா வண்டியில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லிவந்தவர். நேற்றுத்தான் ரிலீசான படத்துக்கும் ‘இன்றே கடைசி!’ என்று அலறுவார். ‘அப்பத்தான மாப்ள வருவாய்ங்க’ என்பது அவர் வாதம். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘இன்றே கடைசி’. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் அவர் மனைவியே, “இன்றே கடைசி வெளிய போயிருக்கே” என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். திருமங்கலம் ரோட்டில் மீசை சரியாக முளைக்காத பையன்கள் சிலர் துப்பாக்கியைக் காட்டி லாரிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த ஆளின் தோளில் ரவை பாய்ந்து, அவருக்குக் கை தூக்க வராமலே போனது. விசாரித்தால், அவையெல்லாம் வெள்ளாமையில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்காகச் சம்சாரிகள் லைசென்ஸ் இல்லாமல் பரணில் போட்டு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகள். அப்பனுக்குத் தெரியாமல் மகன் எடுத்துக் கொடுக்க, இந்தக் கும்பல் குழலை அறுத்துக் குட்டையாக்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிந்தது.

சர்க்கார் ஒரு முடிவுக்கு வந்தது. தாங்களாகவே துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை. இதை ஊர் ஊராகச் சொல்லும் வேலை, விளம்பர வேன் வைத்திருந்த எங்கள் தல்லாகுளம் செய்தித்துறை ஆபீசுக்கு வந்தது. வழக்கமாக அறிவிப்புச் சொல்கிறவர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட, தினக்கூலிக்கு ‘இன்றே கடைசி’யைக் கூட்டிவந்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவர் எழுத்து மாறாமல் வாசிக்கிறாரா என்று பார்க்க என்னைக் கூடவே அனுப்பினார்கள். சிங்கத்துக்குக் காவலாக ஆட்டை அனுப்புவது அந்த ஆபீசின் வழக்கம்.

முதல் ஊரில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், உரிய உரிமமின்றி வெடியாயுதங்களைத் தம்வசம் வைத்துள்ளோர்...”

வேலியோரம் நின்ற பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்: “யாருப்பா செத்தது? எடுப்பு எப்ப?”

‘இன்றே கடைசி’ காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் செருகினார். “மாப்ள, இத நீயே வச்சுக்க. இது எழவுச் சேதி.”

“அண்ணே, எழுத்து மாறக் கூடாதுண்ணே!”

“எழுத்து மாறல மாப்ள. எழுத்து உன் பைக்குள்ளதான இருக்கு?”

அடுத்த ஊரில் மைக்கைப் பிடித்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்கள் பரணில் உறங்கும் துப்பாக்கிக்கு இன்றே கடைசி! வழக்கு இல்லை, வாய்தா இல்லை, வக்கீலுக்கு வேலையே இல்லை! குடும்பத்தோடு வாரீர்! பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு!”

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் நெரிந்தது. நிஜமாகவே குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒருவர் பூச்சிமருந்து அடிக்கும் குழாயைக் கொண்டுவந்திருந்தார். ஒரு குழந்தையின் கையில் தீபாவளிக்கு வாங்கிய பொட்டுவெடித் துப்பாக்கி. இன்னொருவர் ஏட்டையாவிடம் ரகசியமாக, “பழசக் குடுத்தா புதுசு தருவீகளா, இல்ல, மேல எதுவும் போட்டுக் குடுக்கணுமா?” என்று கேட்டார். பெண்கள் தங்கள் தனி இடம் எங்கே என்று சண்டை பிடிக்க, இன்ஸ்பெக்டர் தன் அறை பெஞ்சியைத் தூக்கி வெளியே போட வேண்டியதாயிற்று.

“யோவ்! நீ என்ன, படமா ஓட்டுற?”

“கூட்டம் வந்துச்சுல்லங்கய்யா?”

“கூட்டம் வந்துச்சு. துப்பாக்கி எங்கய்யா?”

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் அதற்குப் பதில் கிடைத்தது. அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வேனருகே வந்து, சேலைத் தலைப்பால் பாதி வாயை மூடிக்கொண்டு கேட்டாள்: “அண்ணே, துப்பாக்கிய வாங்கிக்கிட்டு மகனையும் புடிச்சு வச்சுக்கிருவாகளா?”

அவர் மைக்கை அணைத்தார். அது ஓடும்போது அவர் கையால் அணைத்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவின் பெயர் பேச்சியம்மா. புருஷன் இல்லை. மகன் செல்வத்துக்குப் பத்தொன்பது வயது. அப்பன் விட்டுப்போன துப்பாக்கியைக் கேட்டு அந்தக் கும்பல் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் இன்னும் கொடுக்கவில்லை. “எம்புட்டு நாளைக்குண்ணே சொல்லிச் சொல்லி நிப்பாட்டுவேன்?”

“வண்டியில ஏறுங்க தாயி. நானும் வாரேன். புடிச்சா என்னையும் சேத்துப் புடிக்கட்டும்” என்றார்.

செல்வத்தையும் ஏற்றிக்கொண்டு, சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை வாங்கி வைத்தார். பிறகு செல்வத்தையும் உள்ளே உட்கார வைத்தார். “இவனுக்கு அந்தப் பசங்களத் தெரியும். விட்டா ஓடிருவான். ரெண்டு நாள் இருக்கட்டும்.” பங்க் ஆளின் தோள் அவர் மனதில் இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சியம்மா அழவில்லை, கத்தவில்லை. எங்கள் ஆளைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் விறுவிறுவென்று வெளியே போய் வேனில் ஏறினார். மைக்கை எடுத்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! அரசாங்கத்தின் சொல்லை நம்பி ஒரு தாயும் மகனும் துப்பாக்கியோடு நமது காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார்கள்! வழக்கு இல்லை என்று ஊரூராகச் சொன்னது இதே வாய்தான்! இன்னும் சற்று நேரத்தில் மாண்புமிகு இன்ஸ்பெக்டர் அவர்கள் இருவரையும் கைகுலுக்கி வழியனுப்பும் கண்கொள்ளாக் காட்சி! காணத் தவறாதீர்!”

டீக்கடை காலியானது. ரோட்டில் போன டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் முதல் ஆளாக இறங்கி ஓடிவந்தார். நான் வேனுக்குள் குனிந்துகொண்டு, எனக்கு வேறு எந்த ஆபீசில் வேலை கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது தாயும் மகனும் கூட இருந்தார்கள். அவர் கையை நீட்ட, கைகுலுக்கிப் பழக்கமில்லாத செல்வம் கும்பிட்டான். வேறு வழியில்லாமல் அவரும் கும்பிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“அவன் ஓடினான்னா, ஒன்னத்தான்யா உள்ள வப்பேன்” என்று பல்லைக் கடித்தார் இன்ஸ்பெக்டர்.

“வைங்கய்யா. ஒரு மைக் மட்டும் குடுங்க.”

செல்வம் ஓடவில்லை. மறுநாள் காலையில் அம்மாவோடு தானாகவே வந்து, துப்பாக்கி கேட்டவர்கள் யார் யார், குழல் அறுக்கும் பட்டறை எங்கே என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனான். கும்பல் பிடிபட்டது. அதன் பிறகு துப்பாக்கிகள் வந்தன பாருங்கள்! வைக்கோல் கட்டுக்குள், கரும்புக் கட்டுக்குள், கோரைப்பாய்க்குள் என்று தினமும் வந்தன. வைக்க இடமில்லாமல் ஏட்டையா தன் சைக்கிளை வெயிலில் நிறுத்தினார்.

எங்கள் ஆபீஸ் ‘இன்றே கடைசி’யை வேலையை விட்டு நிறுத்தியது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். நான் கொதித்தேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

“படம் ஓடி முடிஞ்சா போஸ்டரக் கிழிக்கத்தான செய்வாய்ங்க. விடு மாப்ள.”

அடுத்த தை மாதம் திருநகரில் எனக்குக் கல்யாணம். கூப்பிடாமலே ஒலிபெருக்கியோடு வந்து இறங்கினார். அப்பா செத்து, பெரியப்பா தயவில் நடந்த கல்யாணம் அது. என் பக்கம் பேச அதிகம் ஆளில்லை. தாலி கட்டி முடித்ததும் மைக்கில் அவர் குரல் நாலு தெருவுக்கும் கேட்டது.

“தாயி, மாப்ள கொஞ்சம் பயந்தவரு. ஆனா வம்பு வந்தப்ப வண்டிய விட்டு எறங்கி ஓடல. நல்லாப் பாத்துக்கம்மா.”

பந்தலே சிரித்தது. நான் மணையில் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.