டான்ஸக்காவின் ஐந்து அடவுகள்

ஒரகடம் சாலையில் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கேட்டாலும், டான்ஸக்கா ஒரு தடவையாவது கையைப் பிடித்து இழுக்காத பெண் ஒருத்திகூடக் கிடைக்க மாட்டாள். அதிகம் இழுபட்டவள் நான். அந்த அசதி இன்னும் உடம்பில் இருக்கிறது.

வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வேலைப் பலகை. நான் சேரப்பணஞ்சேரி, கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ளவள். அக்கா படப்பைப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. ஷிப்ட் முடிந்தால் எனக்குப் பாயில் விழ வேண்டும். அக்காவுக்கு ஆட வேண்டும்.

சின்ன வயதில் சர்ச் விழாவுக்காக ஒரு கன்னியாஸ்திரி அவருக்கு ஐந்து அடவுகள் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆறாவது அடவுக்கு வருவதற்குள் அந்த சிஸ்டருக்கு ஊர் மாற்றலாகிவிட்டது. அந்த ஐந்தை வைத்துக்கொண்டே அக்கா முப்பது வருடம் ஓட்டினார். கிறிஸ்துமஸ், பொங்கல், மகளிர் தினம், மேனேஜரின் பிரிவு உபசார விழா எல்லாவற்றுக்கும் அதே ஐந்துதான். வரிசை மட்டும் மாறும்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு யசோதையாக ஆடினார். கிறிஸ்துமஸுக்கு மாதாவாக ஆடியதைப் பார்த்திருந்த சூப்பர்வைசர், இது அதே டான்ஸ்தானே என்று கேட்டுவிட்டார். அக்காவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

“ஆமா சார். அங்கயும் ஒரு அம்மா கொயந்தைய தூக்கிகினு நிக்கிறா, இங்கயும் நிக்கிறா. கை வேற எப்டி வெக்கிறது?”

சாமி விஷயத்தில் அவர் கறார். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். மணிமங்கலம் பெருமாளுக்கு நான் வேண்டிக்கொண்டு மறந்துபோனதையும் அவர்தான் நினைவுபடுத்துவார். பெருமாளிடமாக இருந்தாலும் சொன்னால் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

சாப்பாட்டு இடைவேளையில் எங்களை கேன்டீனுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி ஆடச் சொல்வார். எனக்கு முட்டி விட்டுப்போகும்.

“முடியலக்கா. காலைலேர்ந்து நின்னுகினே கீறேன்.”

“நின்னதாலதான்டி வலிக்குது. ஆடு, சரியாப்பூடும்.”

சரியாகவில்லை. ஆனாலும் ஆடினோம்.

ஆட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனியில் ரத்த தான முகாம் வைத்தார்கள். எடை போதாது என்று அக்காவைத் திருப்பி அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, “எனக்கு பதிலா இவள இட்டாந்துகீறேன், இவ நல்லா வெயிட்டு” என்று சொல்லிவிட்டார். நான் படுத்திருந்த பத்து நிமிடமும் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். கூச்சத்தில் எனக்குச் சிரிப்பு வந்து ஊசி கழன்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். வடக்கிலிருந்து வேலைக்கு வந்து, கூட இருக்க ஆளில்லாமல் படுத்திருக்கும் பெண்களுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவதுதான் அங்கே அவர் வேலை. துணைக்கு நான். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவில் நான் யார் யாருக்கோ சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், இனிமேல் வரமாட்டேன் என்றேன். சரி என்றார். அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு வந்து, பேசாமல் என் தலையைப் பின்னிவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறு நான் போய்விட்டேன்.

அப்புறம்தான் அது வந்தது. மார்பில் ஒரு கட்டி. நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல், கம்பெனி ஆண்டு விழா முடிந்த மறுநாள் என்னிடம் சொன்னார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். முன்பே சொன்னால் நான் அழுதுகொண்டே ஆடுவேன், ஸ்டெப் தப்பும் என்று காரணம் வேறு சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு இடது கை தூக்க வரவில்லை. சுவரில் விரல்களை மெதுவாக மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். இரண்டு நாள் சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அதைத் தாளத்தில் செய்ய ஆரம்பித்தார். வார்டில் அதே ஆபரேஷன் ஆகி, முகத்தை மூடிப் படுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். அக்கா தாளம் சொல்ல, ஏழு பேர் சுவரைப் பார்த்து ஆடினார்கள். அந்த வாரக் கடைசியில் ஓர் அம்மா தன் தலையைத் தானே வாரிக்கொண்டதை நான் பார்த்தேன். அக்காவும் அதைப் பார்த்தார். திரும்பிப் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு அது திரும்ப வந்தது.

கடைசியாக அட்மிஷன் போட்டபோது, பாரத்தில் உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கிளார்க் கேட்டார். ஃபிரண்டு என்றேன். சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சக்கர நாற்காலியில் சாய்ந்து கிடந்த அக்கா கண்ணைத் திறந்து, “தங்கச்சின்னு எழுதுப்பா” என்றார்.

கிளார்க் இரண்டு ஆதார் அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்பா பெயர் வேறு, ஊர் வேறு, என் நெற்றியில் குங்குமம், அவர் கழுத்தில் ஜெபமாலை. எப்படி தங்கச்சி ஆவாங்க என்று கேட்டார்.

“அப்பா வேற, அம்மா வேற, சாமி வேற. அதுக்கோசரம் தங்கச்சி இல்லன்னு ஆயிடுமா? எழுதுப்பா.”

எழுதினார்.

அதற்குப் பிறகு அக்கா பன்னிரண்டு நாள் இருந்தார். மருந்து வாங்கவும் ரிப்போர்ட் வாங்கவும் நர்ஸ்கள் வராந்தாவுக்கு வந்து, “தங்கச்சி யாரு, வாங்க” என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுந்து போனேன்.